முடி கொட்டிய லேசுவும் மோகனாவும்

ஆம்பூரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சாலையில் நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். காலையில் நான் ஷட்டரைத் தூக்கும் நேரத்தில்தான் ஷூ கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். பஸ் ஏறுவதற்கு முன்னால் பெண்கள் அவசர அவசரமாக வந்து தலைவலி மாத்திரை, இருமல் மருந்து, நாப்கின் என்று வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். சில்லறையைக்கூட எண்ணிப் பார்க்க மாட்டார்கள். அப்படி வருகிறவர்களில் மோகனா மட்டும் கொஞ்சம் முன்னதாகவே வந்து, நிதானமாக நின்று, மாத்திரை அட்டையின் பின்பக்கம் தேதி பார்த்து வாங்குவாள். தைராய்டு மாத்திரை. மாதம் ஒரு தடவை.

மோகனாவுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. ஷூவின் மேல் தோலைத் தைக்கிற பிரிவில் வேலை. கணவன் இன்பராஜ் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். அட்டைப் பெட்டி, லைனிங் துணி, ஷூ அடி என்று கம்பெனி கம்பெனியாக லோடு இறக்குவான். அப்படி ஒரு கம்பெனி வாசலில் பார்த்துப் பழகித்தான் இருவருக்கும் கல்யாணம் ஆனது. ஒரே மகள், படித்து முடித்து ஓசூரில் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் மூன்றாவது ஆள் என்றால் லேசுதான்.

லேசு பெண் நாய். கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் கழிவு அட்டைகளைக் குவித்திருந்த இடத்தில் குட்டியாகக் கிடந்தது. கழுத்தில் யாரோ ஒரு ஷூ லேஸைக் கட்டியிருந்தார்கள். மோகனா அதைத் துப்பட்டாவில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். லேஸ் என்று கூப்பிட்டது தெருவில் லேசு ஆகிவிட்டது. செம்பட்டை நிறம், வெள்ளைக் கழுத்து, பளபளவென்று முடி. தெருமுனையில் மோகனாவின் பஸ் ஹாரன் அடித்தால் போதும், மாடிப்படியிலிருந்து பாய்ந்து வந்து நிற்கும். என் கடை வரைக்கும் அவள் பின்னால் வந்து, வாசலில் உட்கார்ந்து, உள்ளே வராமல் காத்திருக்கும். அவ்வளவு மரியாதை தெரிந்த நாய்.

அதற்கு ஆறு ஏழு வயது ஆனபோது முடி கொட்ட ஆரம்பித்தது.

முதலில் வால். வால் நுனியிலிருந்து முடி உதிர்ந்து, எலிவால் மாதிரி ஆகிவிட்டது. பிறகு விலாவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அளந்து வழித்ததுபோல வழுக்கை விழுந்தது. உள்ளே தெரிந்த தோல் கறுத்துத் தடித்துக்கொண்டு வந்தது. கையால் தடவினால் முடி கொத்தாக வந்துவிடும்.

மோகனா என் கடைக்கு வந்து கேட்டாள். "மதியண்ணா, நாய்க்குச் சொறி மருந்து இருக்குதா?"

"சொறியுதாமா அது?"

அவள் யோசித்தாள். "அத்த சொல்லணும்னா சொறியவே இல்லண்ணா. கடிச்சிக்கவும் இல்ல. சும்மா கொட்டுது."

"சொறியாம கொட்டுதுன்னா, டாக்டருகிட்ட காட்றதுதான் நல்லதுமா."

"காட்டலாம்ணா. கம்பெனில இப்போ ஏற்றுமதி அவசரம், லீவு குடுக்க மாட்றாங்க. அதுவரைக்கும் தடவறதுக்கு எதனா குடு."

உண்ணியும் பூச்சியும் சாக ஒரு மருந்து இருந்தது. குளிப்பாட்டுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒழுங்காகச் செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தெரு முழுக்க வைத்தியர்கள் கிளம்பினார்கள். ஒருவர் வேப்பெண்ணெயும் மஞ்சளும் என்றார். ஒருவர் கந்தகம் என்றார். பேர்ணாம்பட்டிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி உப்புத் தண்ணீர் என்றாள். மோகனா எதையும் உடனே நாய் மேல் தடவ மாட்டாள். முதலில் தன் முழங்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பாள். எரியவில்லை, தடிக்கவில்லை என்றால்தான் லேசுவுக்கு. அந்த மாதங்களில் அவள் கையைப் பார்த்தாலே நாய்க்கு என்ன வைத்தியம் நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு நாள் மஞ்சளாக இருக்கும், ஒரு நாள் வேப்பெண்ணெய் நாறும்.

இன்பராஜுக்கு வண்டி ஸ்டாண்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பழைய இன்ஜின் ஆயிலைத் தடவினால் எந்தச் சொறியும் ஓடிவிடும் என்று. ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்துவிட்டான். மோகனா அதையும் தன் கையில்தான் முதலில் போட்டாள். மறுநாள் கை சிவந்து கொப்புளித்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"இது இன்னா பண்ண?" என்று கேட்டேன்.

சொன்னாள். கைக்குக் களிம்பு எடுத்துக்கொண்டே சொன்னேன். "அது நக்குமேமா. உள்ள போனா உயிருக்கே ஆபத்து."

"அதான் அந்த டப்பாவ அப்பவே எடுத்துனு போய் அவரு வண்டி சீட்டு மேலயே வெச்சிட்டேன்" என்றாள். "இன்னொரு தபா வீட்டுக்குள்ள வந்துதுன்னா உங்க தலைல தடவிடுவேன்னு சொல்லிட்டேன்."

இதற்கிடையில் நாயின் குணமும் மாறிக்கொண்டு வந்தது. சோறு முன்னைவிடக் கம்மியாகத்தான் தின்றது. ஆனால் உடம்பு பெருத்துக்கொண்டே போனது. நாள் முழுக்கத் தூக்கம். ஹாரன் சத்தம் கேட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். வேலூர், ஆம்பூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரு நாய்கள் எல்லாம் சாக்கடை ஓரத்து ஈரத்தைத் தேடும்போது, லேசு மட்டும் மொட்டை வெயிலில் போய்ப் படுத்துக்கொள்ளும். முகத்தோலும் தொங்கிப்போய், எதற்கோ வருத்தப்படுகிற மாதிரி ஒரு முகம் வந்துவிட்டது.

"இது சோம்பேறி ஆயிட்டுது. தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குது" என்று இன்பராஜ் சொன்னான். அந்த வார்த்தை அன்று முழுக்கத் தைத்துக்கொண்டே இருந்தது என்று மோகனா பிறகு என்னிடம் சொன்னாள்.

தெருவில் குழந்தைகள் பயந்தார்கள். பெரியவர்கள் அதைவிட ஜாஸ்தி பயந்தார்கள். கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி, "இன்னா மோகனா, உங்க லேசுவ டேனரிக்கே அனுப்பிடலாம் போல. முடி எடுக்கற வேலை மிச்சம்" என்று சொல்ல, பஸ்ஸே சிரித்தது. தோல் பதனிடுகிற ஊரில் தோல் பற்றித்தானே கிண்டல் வரும். சிரிக்காமல் இருந்தது தபஸ்ஸும் மட்டும்தான். மோகனாவுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிறவள். பல வருஷத் தோழி. "உன் வீட்ல ஒருத்தருக்கு முடி கொட்னா இப்டித்தான் சிரிப்பியா?" என்று எழுந்து நின்று கேட்டிருக்கிறாள். பஸ் அடங்கிவிட்டது.

மோகனா குடியிருந்தது காசிநாதன் என்பவரின் வீட்டு மாடி. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனுஷர் இல்லை. அவர் மருமகள் அப்போது முழுகாமல் இருந்தாள். ஒரு நாள் மாடிக்கு வந்து, நின்றபடியே சொன்னார்.

"மோகனா, நான் உன்ன ஒன்னும் சொல்லல. ஆனா இது சொறி நாயி. மருமவளுக்கு ஒட்டிக்கிச்சின்னா யாரு பதில் சொல்றது? ஒன்னு நாய அனுப்பு. இல்லன்னா வேற வீடு பாரு."

"கொஞ்சம் டைம் குடுங்க சார். டாக்டருகிட்ட காட்டிட்டு வந்து சொல்றேன்."

"எவ்ளோ நாளா இதயே சொல்லினு இருக்கற" என்று இறங்கிப் போய்விட்டார்.

அவள் விடுப்புக் கேட்டாள். அடுத்த வாரம் தருவதாகச் சொன்னார்கள். அந்த அடுத்த வாரம் வருவதற்குள் இன்பராஜ் ஒரு காரியத்தைச் செய்துவிட்டான்.

ஒரு நாள் மாலை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனபோது நாயைக் காணோம். இன்பராஜ் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"லேசு எங்கங்க?"

"கேட்டு தொறந்து கெடந்துது. ஓடிப்போச்சு போல."

மோகனா சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். "அது எப்டிங்க ஓடும்? ரெண்டு எட்டு வெச்சாலே உக்காந்துக்குது. படி எறங்கறதுக்கே நான் தூக்கி உடணும். எங்க உட்டீங்க, சொல்லுங்க."

அவன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். மாதனூர்ப் பக்கம் லோடு இறக்கப் போனவன், நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பாலாற்றங்கரையில் ஒரு புங்கமரத்தடியில் இறக்கிவிட்டு வந்திருக்கிறான். ஆற்றோரம் கறிக்கடைகள் இருக்கின்றன, எதையாவது தின்று பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தானாம். வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் இந்த வாடகையில் வேறு எங்கே கிடைக்கும் என்று பயந்தானாம்.

மோகனா கத்தவில்லை. "கெளம்புங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து வண்டியைச் சர்வீஸுக்கு விட்டிருந்தான். காலையில்தான் கிடைக்கும். அன்று அவள் சமைக்கவில்லை. அவனிடம் பேசவும் இல்லை.

விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு இருவரும் போனார்கள். மோகனா கம்பெனிக்குச் சொல்லாமலே லீவு போட்டது அவள் சர்வீஸில் அதுதான் முதல் தடவை. இரவு தூறல் போட்டிருந்தது. ஆற்றங்கரை முழுக்கத் தேட வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் போனார்கள். தேட வேண்டிய வேலையே இல்லை. விட்டுவிட்டு வந்த அதே புங்கமரத்தடியில், அதே இடத்தில், லேசு படுத்துக்கிடந்தது. பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த அம்மாள் ஒருத்தி கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்திருந்தாள்.

"உங்க நாயாமா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். "நேத்து எறக்கி உட்ட எடத்துலயே கீது. மத்த நாயிங்க வந்து கடிச்சிச்சி, அப்பவும் எழுந்துக்கல. பிஸ்கெட் போட்டேன், தின்னல. வண்டி போன ரோட்டயே பாத்துனு கீது."

இதை எனக்குச் சொன்னது இன்பராஜ். நாய் அவனைப் பார்த்ததும் முடியில்லாத வாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டியதாம். கோபப்படவில்லையாம். அதுதான் தாங்கவில்லை என்றான். மோகனா குனிவதற்கு முன்னால் அவனே குனிந்து, அந்தக் கனத்த உடம்பை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்திருக்கிறான். விலாவில் கடிபட்டு ரத்தம் காய்ந்திருந்தது. சட்டையெல்லாம் முடி.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது காசிநாதன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மோகனா பின்பக்கத்திலிருந்து இறங்காமலே பேசினாள்.

"சார், இப்போ நேரா வேலூருக்கு, மாட்டாஸ்பத்திரிக்குப் போறோம். நீங்களும் வரணும்."

"நான் எதுக்கு?"

"நான் வந்து ஒட்டாதுன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நம்பவும் வேணாம். டாக்டரு வாயால கேளுங்க. ஒட்டற நோவுன்னு சொன்னாங்கன்னா, இந்த மாசமே நாங்க காலி பண்ணிடறோம். நான் சண்டைக்கு நிக்க மாட்டேன்."

காசிநாதன் பேப்பரை மடித்து வைத்தார். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். முன் சீட்டில் அவரும் இன்பராஜும். பின்னால் திறந்த வண்டியில், சாக்கின் மேல், நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மோகனா. பைபாஸில் அப்படியேதான் வேலூர் வரைக்கும் போனார்கள்.

அங்கே இருந்தது தமிழினி என்கிற இளம் டாக்டர். முதலில் கடிபட்ட இடத்தைச் சுத்தம் செய்து மருந்து போட்டு, ஊசியும் போட்டார். பிறகு முடியில்லாத இடத்தில் சின்ன பிளேடால் லேசாகச் சுரண்டி, அதைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இரண்டு மூன்று இடத்தில் சுரண்டிப் பார்த்தார். காசிநாதன் கதவோரத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பூச்சி எதுவும் இல்லை. காளானும் தெரியலை" என்றார் டாக்டர். "இது சொறி இல்லைங்க. யாருக்கும் ஒட்டாது."

காசிநாதன் ஓரடி முன்னால் வந்தார். "முழுகாம இருக்கற பொண்ணு கீழ் வீட்ல இருக்குதுமா."

"அவங்களுக்கும் ஒட்டாது சார். நீங்க தாராளமா தொடலாம்."

அவர் தொடவில்லை. ஆனால் கதவோரத்துக்குத் திரும்பிப் போகவும் இல்லை.

டாக்டர் மோகனாவிடம் கேட்க ஆரம்பித்தார். எடை ஏறியிருக்கிறதா? ஏறியிருக்கிறது. ஜாஸ்தி சாப்பிடுகிறதா? இல்லை, கம்மி. தூக்கம்? நாள் முழுக்க. குளிர் தாங்குகிறதா? தாங்கவில்லை, வெயிலில்தான் போய்ப் படுக்கிறது. பதில் சொல்லச் சொல்ல மோகனாவின் பேச்சு மெதுவாகிக்கொண்டே வந்ததாம். இந்தக் கேள்விகள் அவள் காதில் ஏற்கெனவே விழுந்தவை. பல வருஷத்துக்கு முன்னால், கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில், ஒரு டாக்டரம்மா இதையெல்லாம் அவளிடமே கேட்டிருந்தார்கள்.

"டாக்டர், ஒன்னு கேக்கலாமா? நான் தைராய்டு மாத்திரை போட்டுக்கறவ. எனக்கும் அப்போ இப்டியேதான் இருந்துது. நாய்க்கெல்லாம் அது வருமா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "வரும்மா. எனக்கும் அந்தச் சந்தேகம்தான். ரத்தம் எடுத்து அனுப்பறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் உங்க மாத்திரையிலிருந்து எடுத்துக் குடுத்துடாதீங்க. இதுக்கு அளவே வேற."

முடிவு வந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில். கம்பெனி கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்திருந்த மோகனாவுக்கு டாக்டர் போன் பண்ணிச் சொன்னார். அதேதான். தைராய்டு சுரப்பு ரொம்பக் கம்மி. உயிருள்ள வரைக்கும் மாத்திரை கொடுக்க வேண்டும். கொடுத்தால் நன்றாக இருக்கும். போனை வைத்துவிட்டு மோகனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். தபஸ்ஸும் பதறிப்போய், "இன்னாடி, இன்னா ஆச்சு?" என்று தோளைப் பிடித்தாள்.

"எனக்கு இருக்கறதுதான்டி அதுக்கும். நாய்னா கூட அதே நோவு."

அன்று மாலை இன்பராஜிடம் அவள் இதைச் சொன்னாள். அவன் அதற்குச் சொன்னது புரிய வேண்டுமென்றால், மோகனாவின் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் மோகனா திடீரென்று பெருத்துப்போனாள். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. தடித்த பின்னல் சுண்டுவிரல் அளவுக்கு மெலிந்துவிட்டது. மெஷின் முன்னாலேயே தூங்கி விழுந்தாள். ஊசி விரலில் ஏறிய பிறகு அவளைத் தையலிலிருந்து எடுத்து, நூல் வெட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். வீட்டில் மாமியார் சோம்பேறி என்றாள். இன்பராஜும் சொன்னான். கடைசியில் அவளே தன்னைச் சோம்பேறி என்று நம்பிவிட்டாள். விடிகாலையில் எழுந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, ஏன் நம்மால் மட்டும் முடியவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாளாம். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. முகாமில் கண்டுபிடித்து, மாத்திரை ஆரம்பித்து, தேறி, மறுபடி தையல் மெஷினுக்கே வந்தாள். ஆனால் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதே இல்லை.

இன்பராஜ் அன்றுதான் பேசினான். "அப்போ உன்னையும் நான் இப்டித்தானே சொன்னேன்."

"ஆமா. சொன்னீங்க" என்றாள் மோகனா.

"எனக்குத் தெரியல மோகனா."

"எனக்கே தெரியல. உங்களுக்கு எப்டித் தெரியும்." கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கிறாள்: "ஆனா வலிச்சுதுங்க. அத்த நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

"காலைல மாத்திரைய நான் குடுத்துக்கறேன். எனக்கு சாயந்தரம் எப்போ ஓவர்டைம் வரும்னு சொல்ல முடியாது. அந்த வேளைய நீங்க பாத்துக்கங்க. ஒரு நாள்கூட உடக் கூடாது."

மறுநாள் மோகனா மருந்துச் சீட்டோடு என் கடைக்கு வந்தாள். எழுதியிருந்த அளவை இரண்டு தடவை படித்தேன். அவள் போடுவதைவிடப் பல மடங்கு, அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை.

"இன்னாமா இது, யாருக்கு? பேரு லேசுன்னு போட்டிருக்குது?"

"நம்ம லேசுக்குதாண்ணா."

நான் நம்பாமல் அந்த டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டேன். நாய்களின் உடம்பு அந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும், அதனால் அளவு ஜாஸ்திதான் என்று அவர் விளக்கினார். எத்தனையோ வருஷமாக இந்த மாத்திரையை விற்கிறேன். நாய்க்கு எடுத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு காலையில் எழுந்ததும் மோகனா முதலில் தன் மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். அடுத்து லேசுவின் வாயைத் திறந்து அதன் மாத்திரையை அடிநாக்கில் தள்ளிவிட்டு, தொண்டையைத் தடவிக்கொடுப்பாள். இருவருக்கும் வெறும் வயிறு. ஒரு மணி நேரம் கழித்து இருவருக்கும் சாப்பாடு. மாலையில் இன்பராஜ் எங்கே லோடு இருந்தாலும் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். வாணியம்பாடிக்கு ஒரு நடை கூப்பிட்டால், "ஆறு மணிக்கு மேல முடியாதுபா, வீட்ல மாத்திரை குடுக்கணும்" என்பான். வண்டி ஸ்டாண்டில், பெண்டாட்டிக்குத்தான் ஏதோ பெரிய வியாதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாத்திரை ஆரம்பித்தது கார்த்திகை மாதம். குளிர் தொடங்கிவிட்டது. முடியில்லாத உடம்பு இரவெல்லாம் நடுங்கியது. பகலில் வெயில் பட்டால் தோல் உரிந்தது. மோகனா தபஸ்ஸுமிடம் சொல்லி வருத்தப்பட்டாள். தபஸ்ஸும் நாயைத் தொட மாட்டாள். அது அவள் வீட்டு வழக்கம். "நான் தொட மாட்டேன். ஆனா தச்சுத் தர்றேன். நீ அளவு மட்டும் எடுத்துனு வா" என்றாள். இன்பராஜின் பழைய குடியாத்தம் லுங்கி இரண்டு, துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆகியிருந்தது. அதில் நான்கு கால் விட்டு, வயிற்றில் முடிச்சுப் போடுகிற மாதிரி ஒரு சட்டை. தையல் உடம்பில் உராயக் கூடாது என்று உள்பக்க மடிப்பையெல்லாம் வெளியே வைத்துத் தைத்திருந்தாள். ஏற்றுமதி ஷூ தைக்கிற கை அல்லவா! கட்டம் போட்ட லுங்கிச் சட்டையில் லேசு தெருவில் வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இந்தத் தடவை சிரித்த குழந்தைகள் கிட்டே வந்தார்கள். சட்டை போட்ட நாயைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லை.

மாத்திரை கொடுக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே கண்ணில் ஒரு தெளிவு வந்துவிட்டது. ஒரு நாள் மாலை, பஸ் ஹாரன் கேட்டு, தானாகவே படியிறங்கி வந்து கேட்டருகே நின்றிருக்கிறது. மோகனா பஸ் படியிலேயே நின்றுவிட்டாளாம். பின்னால் இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள்.

ஆனால் முடி மட்டும் வரவில்லை. வராததோடு, இருந்ததும் கொட்டியது. முதுகில் மிச்சமிருந்த முடியும் உதிர ஆரம்பித்ததும் மோகனா நிலைகுலைந்துவிட்டாள். அத்தனை நாள் கலங்காதவள் என் கடைக் கவுன்ட்டரில் சாய்ந்து நின்றுகொண்டு, "தப்பான மருந்தாண்ணா?" என்று கேட்டாள். கடை போனிலிருந்தே டாக்டரைக் கூப்பிட்டோம். பழைய, செத்த முடி விழுந்தால்தான் புது முடி வரும், மாதக்கணக்கில் ஆகும், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார் அவர். மோகனா, "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நிறுத்தவில்லை. தினமும் கொட்டுகிற முடியைப் பெருக்கி அள்ளிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். என்னைக் கேட்டால், அவள் செய்ததிலேயே பெரியது அதுதான். பலன் தெரிகிற வைத்தியத்தை யாரும் தொடர்ந்துவிடுவார்கள். எதிர்மாறாக நடந்துகொண்டிருக்கும்போது விடாமல் செய்வதற்கு வேறு மாதிரி மனசு வேண்டும்.

மாசி மாதம் முடிகிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிப்பாட்டும்போது இன்பராஜ்தான் முதலில் பார்த்திருக்கிறான். மோகனாவின் கையைப் பிடித்து நாயின் விலாவில் வைத்தான். சவரம் செய்து மூன்றாம் நாள் கன்னத்தைத் தடவுகிற மாதிரி சொரசொரவென்று இருந்ததாம். வெயிலில் திருப்பிப் பார்த்தால் செம்பட்டையாக ஒரு புகை போலத் தெரிந்தது.

அதற்குள் கீழ் வீட்டில் பேரன் பிறந்துவிட்டான். கோடை முடிவதற்குள் லேசுவின் உடம்பு மூடிக்கொண்டது. முன்னைவிட அடர்த்தி என்றே சொல்லலாம். காசிநாதன் வீடு காலி பண்ணுகிற பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. ஆனால் காலையில் பேப்பர் படிக்கும்போது லேசு வந்து காலடியில் படுத்தால், செருப்பை நகர்த்தி இடம் கொடுக்கிறார். குழந்தைக்குச் சோறூட்டும்போது அதைக் காட்டித்தான் ஊட்டுகிறார்கள்.

இப்போது எங்கள் பக்கம் யார் நாய்க்கு முடி கொட்டினாலும் மோகனாவிடம் போகச் சொல்கிறார்கள். போன மாதம் நெமிலிப் பக்கத்திலிருந்து இங்கே டேனரி வேலைக்கு வந்திருக்கும் பாண்டியன் என்பவர் கடைக்கு வந்து, போனில் ஒரு நாயின் படத்தைக் காட்டி மருந்து கேட்டார். முகத்திலும் காலிலும் திட்டுத் திட்டாக முடியில்லை. நான் மோகனாவுக்குப் போன் செய்தேன். வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எனக்கு இது இன்னான்னு தெரியாதுண்ணா" என்று அவரிடம் சொன்னாள். "எங்க நாய்க்கு வந்தது வேற மாதிரி. உங்களுது வேறயா இருக்கும். இப்போதிக்கு ஒன்னும் தடவாதீங்க, யாரு இன்னா சொன்னாலும். டாக்டருகிட்ட இட்டுனு போலாம். எனக்கு ஞாயித்துக்கெழம லீவு. அன்னிக்கு ஆஸ்பத்திரி இருக்காது. சனிக்கெழம அரை நாள் சொல்லிட்டு வர்றேன், எங்க வீட்டுக்காரரு வண்டி இருக்குது."

சொன்னபடி போய் வந்தாள். அந்த நாய்க்கு இருந்தது பூச்சியால் வருகிற சொறிதானாம். வேறு மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களிலேயே முடி வர ஆரம்பித்துவிட்டது. பாண்டியன் சந்தோஷமாகப் படம் எடுத்து மோகனாவுக்கு அனுப்பியிருந்தார். அதை எனக்குக் காட்டியபோது அவள் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

"பாரேண்ணா அநியாயத்த" என்றாள். "எங்களுக்கு வால் நுனில இன்னும் முளைக்கவே இல்ல. இது நேத்து வந்துது, அதுக்குள்ள புசுபுசுன்னு நிக்குது!"

சிரித்துக்கொண்டே இரண்டு பேருடைய மாத்திரைகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பஸ் ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.